பாயிண்டும் பம்பும்: புனேயில் எஞ்சின் டைமிங் பார்த்த காலம்

1948 ஜூன் 1 அன்று புனேயிலிருந்து அகமத்நகருக்கு ஒரு பஸ் கிளம்பியது. பெட்ஃபோர்டு வண்டி, மரத்தால் கட்டிய பாடி, தேங்காய் நார் வைத்த இருக்கைகள். இன்று மகாராஷ்டிரம் முழுக்க 'எஸ்.டி.' என்று அழைக்கப்படும் அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் வயதை அந்த ஓட்டத்திலிருந்துதான் எண்ணுகிறது. ஆரம்ப காலத்தில் அதனிடம் பத்து கம்பெனிகளின் வண்டிகள் இருந்தன: செவர்லே, ஃபோர்டு, பெட்ஃபோர்டு, செடன், ஸ்டூட்பேக்கர், மாரிஸ் கமர்ஷியல், ஆல்பியன், லேலண்ட், காமர், ஃபியட். பயணிகள் பார்த்தது பத்துப் பெயர்ப்பலகைகளை. பட்டறையில் நின்றவர் பார்த்ததோ பத்து விதமான எஞ்சின்களை. ஒன்றில் படித்தது இன்னொன்றுக்குப் பெரும்பாலும் உதவாது.

புனேயின் மோட்டார் வரலாற்றைச் சொல்பவர்கள் தொழிற்சாலைகளில் தொடங்கித் தொழிற்சாலைகளிலேயே முடித்துவிடுகிறார்கள். 1946இல் கிர்கீயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ், 1958இல் நிறுவப்பட்ட பஜாஜ் டெம்போ, 1962இல் கோத்ரூடில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ், 1966இல் பிம்ப்ரியில் டெல்கோ. எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கம்பெனிகளின் வண்டிகளும் எஞ்சின்களும் சாலையை நிறைப்பதற்கு முன்பே புனேயில் லாரிகள் ஓடின, பழுதாயின, மீண்டும் ஓடின. அவற்றை ஓட வைத்த அறிவு பெரும்பாலும் எழுதப்படாமலேயே போய்விட்டது. அந்த அறிவின் நடுவில் இருந்தது டைமிங், அதாவது எரிபொருளை எந்தக் கணத்தில் எரியவைப்பது என்ற கணக்கு.

இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் தயாரான செவர்லே, ஃபோர்டு ராணுவ லாரிகள் இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தன. போர் முடிந்ததும் மிச்சமானவை 'டிஸ்போசல்' விற்பனையில் தனியார் கைக்கு மாறின. செவர்லேயில் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஃபோர்டில் வி-8. இரண்டுமே பெட்ரோல் எஞ்சின்கள்.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி விழுந்ததும் வாயு முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவ ஏறத்தாழ இரண்டு மில்லிவினாடி பிடிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழலும்போது அந்த நேரத்துக்குள் கிராங்க் சுமார் 29 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக்கில் பொறி விழவேண்டும். எவ்வளவு முன்பு என்பது வேகத்தையும் சுமையையும் பொறுத்தது. வேகத்துக்கு ஏற்ப முந்தவைக்க, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு. சுமைக்கு ஏற்ப முந்தவைக்க, எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் அசையும் ஒரு சவ்வு செவர்லேயில் இருந்தது. இத்தனைக்கும் அடிப்படையாக ஒரு தொடக்க டிகிரியை மெக்கானிக்தான் கையால் வைக்கவேண்டும்.

செவர்லேக்காரர்கள் இதற்கு அழகான வழி செய்திருந்தார்கள். ஃபிளைவீலில் ஒரு எஃகுக் குண்டைப் பதித்து, வெளிக்கூட்டில் சிறு ஜன்னலும் அதில் ஒரு முள்ளும் வைத்தார்கள். குண்டு முள்ளுக்கு நேரே வரும்போது பாயிண்ட் (திறக்கும்போது பொறியைத் தூண்டும் தொடுமுனை) திறக்கவேண்டும், அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் கோடுகள் போட்ட 'ஆக்டேன் செலக்டர்' ஒன்றும் இருந்தது. மட்டமான பெட்ரோல் கிடைத்தால் அதை ஒரு கோடு பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். ஃபோர்டு வி-8 அப்படி இல்லை. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில், ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் மாட்டியிருக்கும். டைமிங் வைக்க அதைக் கழற்றி மேசையில் தனிக் கருவியில் பொருத்தவேண்டும். கருவி இல்லாத பட்டறை என்ன செய்யும்? கண்ணையும் கையையும் நம்பும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அனுபவசாலிகள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதில் தொடங்கமாட்டார்கள். முதலில் பாயிண்ட் இடைவெளியைப் பார்ப்பார்கள். காம் மீது உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் யாரும் தொடாமலேயே பின்னுக்குப் போகும். அப்புறம் ரோட்டரைக் கையால் திருகி விடுவார்கள். ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வந்தால் எடைகள் சரி. சிக்கி நின்றால் உள்ளே துரு அல்லது கிரீஸ் இறுகியிருக்கிறது. வெற்றிடக் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். எதுவும் அசையவில்லை என்றால் சவ்வு கிழிந்திருக்கிறது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார்கள். புஷ் தேய்ந்திருந்தால் ஒரு சிலிண்டருக்கு ஒரு டைமிங், அடுத்ததற்கு வேறு என்று ஆகிவிடும். அதை எவ்வளவு திருப்பினாலும் சரிசெய்ய முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் டைமிங். முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எஞ்சினைச் சுழற்றினால் காற்று விரலைத் தள்ளும். அதுதான் கம்ப்ரஷன் பக்கம். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் நம்பியவருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் நேர் எதிர்த்திசையில் உட்கார்ந்து, கார்புரேட்டர் வழியாக எஞ்சின் தீ கக்கும். பிறகு பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன பல்பு. பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். செவர்லேக்கும் பெட்ஃபோர்டுக்கும் வெடிக்கும் வரிசை ஒன்றுதான்: 1-5-3-6-2-4. பத்து கம்பெனிகளுக்கு நடுவே இப்படி ஒன்றிரண்டு ஒற்றுமைகள் பட்டறைக்குக் கிடைத்த வரம்.

கடைசிச் சோதனை சாலையில்தான் நடக்கும். புனேக்காரர்களுக்கு அதற்கு வசதியாக மலைப்பாதை இருந்தது. கவர்னர் ஜான் மால்கம் காலத்தில், 1830இல், சக்கர வண்டிகளுக்குத் திறக்கப்பட்ட கண்டாலா காட். முழுச் சுமையோடு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, குறைந்த வேகத்தில் ஏறும்போது வெற்றிடம் விழுந்து சவ்வின் உதவி நின்றுவிடும். தொடக்க டிகிரியின் குணம் அப்போது அப்பட்டமாகத் தெரியும். டைமிங் முந்தியிருந்தால் எஞ்சின் தட்டும். பின்தங்கியிருந்தால் தட்டாது, ஆனால் இழுக்காது, ரேடியேட்டர் கொதிக்கும், சைலன்சர் குழாய் பழுக்கும், பெட்ரோல் தீரும். ஏற்றத்தில் இலேசாகத் தட்டும்வரை முந்தவைத்து, அங்கிருந்து ஒரு நூல் பின்னால் இழுப்பதுதான் காதால் டைமிங் வைக்கும் முறை.

இதில் புனேக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் மும்பையைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்தால் தட்டலும் குறையும். ஆகவே புனேயில் தட்டவில்லை என்று திருப்தியோடு வைத்த டைமிங், மும்பையில் சரக்கேற்றிக்கொண்டு கோபோலியிலிருந்து ஏறத் தொடங்கும்போது தட்டும். லாரி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓடுகிறது என்பதும் டைமிங்கில் அடக்கம்.

பிறகு டீசல் வந்தது. 1951இல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. டீசல் பம்புகள் அங்கே செய்யப்பட்டன. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள். தமிழ்நாட்டில் எண்ணூரில் லேலண்ட். சென்னையின் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், கார்களுக்கான டிஸ்ட்ரிபியூட்டர்களைச் செய்துகொண்டிருந்தபோதே, கனரக வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. ராணுவம் மட்டும் விதிவிலக்கு. ஜபல்பூரில் செய்த நிசான் ஒரு டன் வண்டிக்கு நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின்தான். பாயிண்ட் பார்க்கத் தெரிந்தவருக்கு அதனால் பல ஆண்டுகள் வேலை இருந்தது.

டீசலில் பொறி இல்லை. ஆனால் கேள்வி மாறவில்லை. எரிபொருள் எப்போது உள்ளே பாயவேண்டும்? பம்பின் முதல் எலிமெண்டில் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, ஃபிளைவீலைக் கையால் மெல்லத் திருப்புவார்கள். குழாயிலிருந்து சொட்டும் டீசல் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் பாய்ச்சல் தொடங்கும் டிகிரி. தாமதமானால் வெள்ளைப் புகை, முந்தினால் கரடுமுரடான தட்டல். பெட்ரோல் எஞ்சினின் தட்டலைக் கேட்டுப் பழகிய காது இங்கே புதிதாகப் பழகவேண்டியிருந்தது. டீசல் எப்போதுமே தட்டும், எவ்வளவு தட்டவேண்டும் என்பதுதான் கணக்கு. இன்றைய பிஎஸ்-6 லாரியில் அந்தக் கணக்கைக் கிராங்க் சென்சாரும் கணினியும் போடுகின்றன.

பழைய செவர்லேக்களை மீட்டெடுத்து ஓட்டுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காதால் வைக்கும் முறை கைகொடுக்காது. அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 6.5-க்கு 1 மட்டுமே. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் 91க்குக் குறைவதில்லை. இந்த ஜோடியில் டைமிங்கை அளவுக்கு மீறி முந்தவைத்தாலும் கண்டாலா ஏற்றத்தில் தட்டல் கேட்காமல் போகலாம். எச்சரிக்கை இல்லாமலே எஞ்சின் சூடாகும், சூட்டோடு ஸ்டார்ட் செய்தால் உதைக்கும். ஆகவே வாக்குவம் கேஜை மாட்டவேண்டும், அல்லது டைமிங் லைட்டை எடுத்துக்கொண்டு ஃபிளைவீல் ஜன்னலில் அந்த எஃகுக் குண்டைத் தேடவேண்டும்.