முதுகுநாண் தசையை ஆக்குமா, தடுக்குமா?

1992ஆம் ஆண்டு, பாரிசுக்கு அருகே நொழான்-சுர்-மார்ன் கருவியல் ஆய்வகம். கோழிக் கருவிலிருந்து நரம்புக்குழலையும் அதன் அடியில் ஓடும் முதுகுநாணையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். முதுகெலும்பை ஒட்டிய தசைகள் உருவாகவில்லை. மறு ஆண்டு அதே ஆய்வகத்தில் ஒலிவியே பூர்க்கியேயும் உடன் பணியாற்றியவர்களும் கூடுதலாக ஒரு முதுகுநாணைக் கருவில் ஒட்டினார்கள். அப்போதும் முதுகுத் தசை உருவாகவில்லை. அது வரவேண்டிய இடத்தில் குருத்தெலும்பு வந்தது. எடுத்தாலும் இல்லை, கொடுத்தாலும் இல்லை.

இந்த முடிச்சு எப்படி விழுந்தது, எப்படி அவிழ்ந்தது என்று தேடிப் போவதே இக்கட்டுரை. முரண் கருவுக்குள் இருக்கவில்லை. ‘எந்த அண்டைத் திசு கட்டளையிடுகிறது?’ என்று ஒருமையில் கேட்டதில்தான் இருந்தது என்பது என் துணிபு.

கோழி முட்டையை அடைக்கு வைத்த இரண்டாம் நாளிலிருந்து, நரம்புக்குழலின் இருபுறமும் சிறு உருண்டைகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து நிற்கத் தொடங்கும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி. இவையே சோமைட்டுகள். ஒவ்வொன்றின் வயிற்றுப்புறப் பாதியும் முள்ளெலும்பாகிறது. முதுகுப்புறப் பாதி முதுகின் தோலடுக்கையும் உடலின் எலும்புத் தசைகளையும் தருகிறது. உள்பக்கத்தில் நரம்புக்குழல், அதற்குக் கீழே முதுகுநாண், மேலே புறப்படை, வெளிப்பக்கத்தில் பக்கத் தகடு என்று நாலாபுறமும் சோமைட்டுக்கு அண்டைவீட்டார் உண்டு.

இவர்களின் செல்வாக்கை முதலில் எலும்பு ஆய்வாளர்கள்தான் கண்டார்கள். 1953இல் ஹோல்ட்சரும் டெட்வைலரும் சாலமாண்டர் கருக்களில் செய்த ஆய்வு, தண்டுவடம் சோமைட் செல்களைக் குருத்தெலும்பாகத் தூண்டுகிறது என்று காட்டியது. இரண்டு ஆண்டுகளில் கிராப்ஸ்டைனும் ஹோல்ட்சரும் அதையே எலியின் திசுக்களில், வளர்ப்புத் தட்டிலேயே நிகழ்த்திக் காட்டினார்கள். தசை ஆய்வு பின்தங்கியதற்குக் கருவியே காரணம் என்று நினைக்கிறேன். நார் திரண்டு வரும்வரை ஒரு செல் தசையாகப் போகிறதா என்று சொல்ல வழியில்லை. அதற்குள் கட்டளை பிறந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

அந்தக் குறை இரண்டு தவணையில் நீங்கியது. 1969இல் நிக்கோல் லெ துவாரன், காடைச் செல்லின் உட்கருவில் தனியாகச் சாயமேறும் ஒரு திரள் இருப்பதை அடையாளமாகப் பயன்படுத்தினார். காடைத் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டினால், எத்தனை நாள் கழித்தும் எந்தச் செல் யாருடையது என்று பிரித்தறியலாம். இந்த முறையால்தான் 1977இல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இரு குழுக்கள், கை கால்களின் தசை அங்கேயே பிறப்பதில்லை, சோமைட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறது என்று நிறுவின. பத்தாண்டு கழித்து, 1987இல் வைன்ட்ராபின் ஆய்வகத்தார் மயோ-டி மரபணுவை அறிவித்தார்கள். அந்த ஒன்றைப் புகுத்தினாலே இணைப்புத்திசுச் செல் தசைச் செல்லாகிவிடுகிறது. நார் தோன்றக் காத்திருக்க வேண்டியதில்லை. மரபணு விழித்ததா என்று பார்த்தால் போதும்.

1988இல் ஜப்பானியர்களான அவோயாமாவும் அசமோட்டோவும் செய்தது எளிய சோதனை. சோமைட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். அப்போதுதான் உருவான சோமைட், தன்னைப் புதிய சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு ஒழுங்காகவே வளர்ந்தது. சற்று மூத்தது, திருப்பியபடியே தலைகீழாக வளர்ந்தது. மேல் எது, கீழ் எது என்பது உருண்டைக்குள் பிறப்பிலேயே எழுதப்படவில்லை. அண்டைத் திசுக்கள் சில மணி நேரத்தில் எழுதுகின்றன. பின்னால் எழுந்த வழக்குகளில் சில இந்தக் கால அளவைக் கணக்கில் கொள்ளாததால் வந்தவை.

நீக்கல் சோதனைகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நரம்புக்குழலும் முதுகுநாணும் இல்லாவிட்டால் சோமைட் செல்கள் பெருமளவில் மடிகின்றன என்று 1983இலேயே தெய்யேயும் லெ துவாரனும் காட்டியிருந்தார்கள். அப்படியானால் தசை வராதது கட்டளை இல்லாததாலா, செல்லே இல்லாததாலா? நீக்கிப் பார்ப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. 1992 ஆய்விலும் கை கால், உடற்சுவர்த் தசைகள் குறையின்றி வளர்ந்தன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சோமைட்டின் வெளிப்பாதி வேறு அண்டைக்குச் செவிசாய்க்கிறது.

விடை வளர்ப்புத் தட்டிலிருந்து வந்தது. முதுகுநாண் சுரக்கும் புரதத்துக்குச் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் (ஒரு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரைக் கருவியல் இப்படிச் சுமந்துகொண்டிருக்கிறது). சோமைட்டைக் குருத்தெலும்புப் பக்கம் திருப்புவது அதுவே என 1994இல் தெரிந்தது. மறு ஆண்டு மூன்ஸ்டர்பெர்க், லாசர் குழுவினர் அதனுடன் நரம்புக்குழலின் முதுகுப்புறத்தில் தோன்றும் விண்ட் புரதங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது தசை மரபணுக்கள் விழித்தன. ஆக, முதுகுநாணுக்கு மிக அருகே ஹெட்ஜ்ஹாக் மிகுந்த இடத்தில் குருத்தெலும்பு. தொலைவில் அது மெலிந்து, விண்ட் வந்து சேரும் இடத்தில் தசை. 1993இன் ஒட்டு, தசை பிறக்கும் இடத்துக்கே முதல் நிலைமையைக் கொண்டுபோய்விட்டது. முடிச்சு அவிழ்ந்தது.

மற்ற அண்டையரின் பங்கும் விரைவில் வெளிப்பட்டது. எலிக் கருவில் நரம்புக்குழல் மிஃப்-5 மரபணுவையும், மேலுள்ள புறப்படை மயோ-டியையும் முதன்மையாக எழுப்புகின்றன என்று 1996இல் கோசுவின் குழு கண்டது. பக்கத் தகட்டின் பிஎம்பி-4 புரதம் சோமைட்டின் வெளிப்பாதியைத் தசையாக அவசரப்படாமல் நிறுத்திவைக்கிறது. உள்பக்கத்தில் நாகின் என்ற புரதம் அந்தத் தடையை விலக்குகிறது.

தலைப்பகுதி இந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. உடலில் தசையை எழுப்பும் அதே விண்ட், தலையில் தசையைத் தடுக்கிறது என்று 2003இல் சஹோரும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். அங்கே விண்ட்டையும் பிஎம்பியையும் அடக்கினால்தான் தசை வருகிறது. சமிக்ஞையின் பெயரை மட்டும் வைத்து அதன் பொருளைச் சொல்லிவிட முடியாது.

2011இல் மார்செலின் குழு, எவரும் அண்டைத் திசுவாக எண்ணாத ஒன்றைப் பட்டியலில் சேர்த்தது. நரம்புக்குழலின் உச்சியிலிருந்து இடம்பெயரும் நரம்பு முகட்டுச் செல்கள், போகிற போக்கில் சோமைட்டின் உள்விளிம்பைத் தொடுகின்றன. அவற்றின் மேல் உள்ள டெல்ட்டா-1 புரதம், தொடப்பட்ட செல்லில் நாட்ச் சமிக்ஞையைச் சிறிது நேரம் இயக்க, அது தசையாகத் தொடங்குகிறது. நாட்ச் தொடர்ந்து இயங்கினாலோ தசையாக்கம் நின்றுவிடுகிறது. தொட்டுச் சென்ற செல்கள் தசைக்குள் தங்குவதில்லை. மேலும் நகர்ந்து, உணர்வு நரம்பு முடிச்சுகளாகவும் பிறவாகவும் மாறிவிடுகின்றன.