தேவாங்கும் ஆட்காட்டியும்: கண்ணில் படாததும் கத்திக் காட்டுவதும்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஆட்காட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குளக்கட்டில் கால் வைத்தாலே கத்தத் தொடங்கிவிடும். இரவில் அது கத்தினால், யாரோ நடமாடுகிறார்கள் என்று விளக்கை நூர்த்துவிட்டு இருந்த காலமும் எங்களுக்கு உண்டு. தேவாங்கு அப்படியல்ல. மெலிந்த பிள்ளையைத் 'தேவாங்கு' என்று கேலி செய்கிற பலர் அதை நேரில் கண்டதே இல்லை.

ஆட்காட்டி கரைப்பறவை இனத்தைச் சேர்ந்தது. ஆனாலும் கடற்கரையைவிட வயலிலும் குளத்தின் அலைகரையிலும்தான் அதிகம் காணலாம். திறந்த தரையில் ஒரு சிறு பள்ளம், பெரும்பாலும் நான்கு முட்டைகள், அவ்வளவுதான் கூடு. வெயில் கூடினால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கும். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கும்.

எங்கள் காடுகளில் இருப்பது சாம்பல் தேவாங்கு. கால் கிலோ அளவுதான் எடை, வால் இல்லை. பகலில் கிளையிடுக்கில் சுருண்டு கிடந்து இரவில் பூச்சி தேடும். ஆபத்து வந்தால் அசையாமல் நின்றுவிடும். ஐந்தரை மாதமளவு சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டி போடும்.

வெட்டவெளியில் முட்டையிடும் பறவைதான் முதலில் அழியும் என்று தோன்றும். நடப்பது மறுபக்கம். தேவாங்கு பாயாது, ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததை எட்டும். பாலையும் வீரையும் கிளை தொட்டு நிற்கும்வரை அதற்குப் பாதை உண்டு. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரக் காடுகள் வெட்டி வெளியாக்கப்பட்டன; பிறகு வீதிகள் அகன்றன, மின்கம்பிகள் வந்தன. அந்த வெளி ஆட்காட்டிக்கு மேய்ச்சல் நிலம், தேவாங்குக்கு மதில். தரையில் இறங்கினால் நாய், கம்பியைப் பிடித்தால் மின்சாரம்.

சத்தமில்லாத பிராணி இல்லாமல் போவதும் சத்தமில்லாமல்தான். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதென்றே எண்ணப்பட்டது. அதன் முதல் ஒளிப்படங்கள் 2010இல்தான் வெளிவந்தன. தமிழ்நாட்டில் 2022இல் கடவூர்க் காடுகளைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுவே முதலாவது.

காணி துப்புரவாக்குபவர்களிடம் ஒன்று கேட்பேன். வெட்டுவதற்கு முதல் ஓரிரவு, யானை வராத பக்கமாகப் பார்த்து, சிவப்புத் தாள் சுற்றிய ரோர்ச் லைற்றை மரங்களில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கிட்டக்கிட்ட இரண்டு கண்கள் செம்மஞ்சளாய் மின்னி, அசையாமல் நின்றால், அந்த மரத்தையும் அதைத் தொட்டு நிற்கும் மரங்களையும் விட்டுவிடுங்கள்.