தூங்கும் கடலை, தூங்காத கடலை

பஸ் ஸ்டாண்டில் பொட்டலத்தைப் பிரித்து நீங்கள் கொறிக்கிறீர்களே வேர்க்கடலை... அதற்கு ராஜமரியாதை கிடைத்த காலம் ஒன்று உண்டு. பெரு நாட்டில் சிபான் என்ற இடத்தில் 1987-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே, சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு தலைவன். அவனோடு புதைத்திருந்த மாலையில் முத்து இல்லை, பவளம் இல்லை. தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த வேர்க்கடலைகள்!

ஆம், கடலையின் பூர்விகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியர்களின் கப்பலேறி ஒரு பக்கம் ஆப்பிரிக்கா, மறுபக்கம் பிலிப்பைன்ஸ் என்று பரவியது. வட தமிழ்நாட்டில் ‘மணிலாக்கொட்டை’, ‘மல்லாட்டை’ என்கிறார்களே, அந்த மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகரம்தான்.

நம் வயல்களில் இதற்கு இரண்டு முகம். தரையோடு படரும் கொடிக்கடலை. முற்ற நாலரை மாசம் ஆகும். நிமிர்ந்து நிற்கும் கொத்துக்கடலை; மூன்றரை மாசத்தில் வேலை முடிந்தது.

‘அப்போ கொத்துதானே லாபம்?’ என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கொடிக்கடலைக்கு ஒரு வரம் உண்டு. அதன் பெயர் விதை உறக்கம். அறுவடை நேரத்தில் மழை கொட்டினாலும், விதை மண்ணுக்குள் வாரக்கணக்கில் முளைக்காமல் தூங்கும். கொத்துக்கு அந்தத் தூக்கமே கிடையாது. முற்றிய காய் மேல் நாலு நாள் மழை விழுந்தால் போச்சு; பிடுங்குவதற்கு முன்பே முளைவிட்டுவிடும். முளைத்த கடலையை எந்த வியாபாரி நல்ல விலைக்கு எடுப்பார்?

சரி, மழை சீக்கிரமே நின்றுவிட்டால்? இப்போது கதை தலைகீழ். கொடிக்கடலை காய் முற்றுவதற்குள் வாடும். மண் இறுகிப்போனால், சிதறிக்கிடக்கும் காய்களைக் கொத்திக் கொத்தித்தான் பொறுக்க வேண்டும். கொத்துக்கடலையில் காயெல்லாம் தூரடியிலேயே இருக்கும். பிடித்து இழுத்தால் கையோடு வரும்!

ஆக, எல்லா ஊருக்கும் ஒரே விதை செல்லாது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். 1940-ல் அங்கிருந்து இரண்டு ரகங்கள் வந்தன. டி.எம்.வி. 1, மேற்கு ஆப்பிரிக்காவின் ‘சலூம்’ கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த கொடி ரகம். டி.எம்.வி. 2, நம்ம ‘குடியாத்தம் கொத்து’விலிருந்து எடுத்தது. ஒட்டுச் சேர்க்கை எதுவும் இல்லை. நல்ல செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி, அவற்றின் விதைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெருக்கினார்கள், அவ்வளவுதான்.

சுமார் 105 நாளில் முடிகிற டி.எம்.வி. 2, ஆந்திரா, கர்நாடகா என்று மானாவாரி நிலங்களில் பரவி, அரை நூற்றாண்டைத் தாண்டியும் தாக்குப்பிடித்தது. குறுகிய மழையை நம்பும் விவசாயிக்கு, ஒரு மாசம் முன்னால் முடிகிற பயிர் என்பது பிழைப்பா, நஷ்டமா என்கிற வித்தியாசம்!

ஆனால், தூங்காத குறை? பிற்பாடு விஞ்ஞானிகள் கொடியின் தூக்கத்தில் கொஞ்சத்தைக் கொத்துக்குள் புகுத்தப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று வாரம் உறங்கும் கொத்து ரகங்களும் உருவாயின. அறுவடை மழையைத் தாண்ட அந்த அவகாசம் போதும்.

ராஜா மாலையில் இருந்த தங்கக் கடலைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வயலில் இருக்கிற கடலைக்கு உண்டு. வானம் கறுக்கும்போது அதற்குச் சொந்தக்காரருக்கும் தூக்கம் கிடையாது!