வெண்பட்டும் கூறைப்புடவையும்

முகப்பேரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக இன்று பேசப்படுவது நிறந்தான். திருப்பலிக்கு மணமகளுக்கு வெண்பட்டு. மாலை வரவேற்புக்கு வேறொன்று. தோழியர் அனைவருக்கும் ஒரே வண்ணம். பெண் வீட்டாருக்கு ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டாருக்கு மற்றொரு நிறம். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் பாடகர் குழுவினரும் இதே ஆலோசனையில் இறங்கிவிடுகின்றனர். வீட்டு வசதி வாரியத்தின் மனைகளிலும் அடுக்ககங்களிலும் பல மாவட்டத்தார் வந்து குடியேறி உருவான பகுதி இது. நாஞ்சில் நாட்டார், முத்துக்குளித்துறையார், தஞ்சைத் தரணியார் என அவரவரும் 'எங்கள் ஊர் வழக்கம்' என்று ஒன்றைக் கையோடு கொண்டு வந்துள்ளனர். இவற்றுள் எது திருச்சபையின் ஒழுங்கு, எது முன்னோர் பழக்கம், எது நேற்று வந்த நாகரிகம் என்னும் ஐயம் எழும்போது, பங்குத்தந்தையைக் கேட்போரைவிட ஒளிப்படக்காரரைக் கேட்போரே மிகுதி என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்த ஐயத்துக்கு நம் மண்ணில் நானூறு ஆண்டு வயது. 1606-ஆம் ஆண்டு மதுரை வந்து சேர்ந்தார் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்தவர் அவரே. அக்காலத்தில் போர்த்துக்கீசியரை மக்கள் 'பறங்கி' என்றனர். கிறிஸ்தவராவதென்றால் பறங்கியின் உடைக்கும் உணவுக்கும் மாறுவது என்றே பலரும் எண்ணியிருந்தனர். நொபிலி தம் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், மரக்கறி உணவை மேற்கொண்டார். அவருக்கு முன்பே மதுரையில் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த துறவியே இதனை எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். கோவாவில் 1619-இல் கூடிய அவையிலும் எதிர்ப்பே ஓங்கியது. முடிவில், 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை மூடநம்பிக்கை கலவாத அளவில் புதுக் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாம் என இசைவு தந்தார். உடை வேறு, விசுவாசம் வேறு என்பது இவ்வாறு உரோமையிலேயே ஏற்கப்பட்டது. ஆயினும் பூணூலும் குடுமியும் வெறும் உடையல்ல, சாதியின் அடையாளங்களும் ஆகும். அந்த இசைவோடு சாதி வேற்றுமையும் ஆலயத்துக்குள் இடம் பிடித்துக்கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று இத்தனை வழக்குக்கு உள்ளான காவியை இன்று யார் அணிகின்றனர்? ஆகஸ்டு மாதம் பிறந்தால், சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் பொதுநிலையினர், ஆணும் பெண்ணுமாகக் காவியுடுத்தி அணியணியாகப் புறப்படுகின்றனர். கோவாவில் அவை கூடிய செய்தி அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஓரியூரில் 1693-இல் தலை கொடுத்த தூய அருளானந்தரும் பண்டாரசுவாமி உடையில் இம்மண்ணில் நடந்தவரே.

திருமணத்துக்கு வருவோம். 1703-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன், மறு ஆண்டு பதினாறு பிரிவுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைக் கயிறு ஆகாது. மணச் சடங்கில் தேங்காய் உடைத்தலும் ஆகாது என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டது. தாலியையே அவர் விலக்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உருவத்தை மாற்றச் சொன்னார், அவ்வளவே. நம் தாய்மார் கழுத்தில் சிலுவையும் புறாவும் பொறித்த தாலியைக் காணும்போது, அந்த நீண்ட வழக்கின் தீர்ப்பையே காண்கிறோம். அந்த ஆணையைத் தொடர்ந்து மறைப்பணியாளர்மீது சுமத்தப்பட்டிருந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, அவ்வந்நாட்டு மக்களின் போற்றத்தக்க மண வழக்கங்களைக் காத்துக்கொள்ளவே ஊக்குவிக்கிறது.

அவ்வாறாயின் வெள்ளை எங்கிருந்து வந்தது? திருமுழுக்குச் சடங்கில் குழந்தைக்கு வெண்ணிற ஆடை அணிவிக்கப்படுகிறது. அது திருச்சபையின் தொன்மையான வழக்கு. திருமணச் சடங்கிலோ மணமகள் உடையின் நிறம் குறித்து விதி எதுவும் இல்லை. ஐரோப்பாவிலும் மணப்பெண்கள் நெடுங்காலம் தம்மிடமிருந்த சிறந்த ஆடையை, அது எந்நிறமாயினும், உடுத்தே மணம் புரிந்தனர். 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசி வெண்பட்டும் ஆனிட்டன் பின்னல் துகிலும் அணிந்து மணம் புரிந்த பிறகுதான் வெள்ளை செல்வாக்குப் பெற்றது. அவ்வாறு எழுந்த நாகரிகமே கடல் கடந்து நம்மிடம் வந்தது. கைம்பெண்ணுக்கு வெள்ளை என்று வகுத்திருந்த நாட்டில், அதே நிறத்தை மணமகளுக்கு உடுத்துவதற்கு நம் பாட்டிமார் எளிதில் மனம் ஒப்பியிருப்பார்களா? வெறும் வெள்ளையாக விடாமல் பொற்சரிகைக் கரை வைத்துக்கொண்டதும், சந்தன நிறத்தைத் தேடிக்கொண்டதும் அந்தத் தயக்கத்தின் சுவடுகளே என்று நாம் கருதுகிறோம்.

தலைமேல் இடும் பின்னல் துகிலுக்குத் தனிக் கதை உண்டு. அதனைச் சொல்லத் தென்கோடிக்குப் போகவேண்டும். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைச் சிறுமியருக்குப் பின்னல் வேலை கற்பித்தார். அவர் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்த பிறகு, அக்கலையை இடையன்குடிக்கும் கொண்டு சென்றார். நம் திருச்சபையில், 1897-இல் முளகுமூடு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரும் அவர் வழிவந்த கன்னியரும் அநாதைச் சிறுமியருக்கு ஊசிவேலையும் பின்னலும் கற்றுத் தந்தனர்.

அந்தப் பின்னல் நூல் ஓடிய அதே மண்ணில்தான், மார்பை மறைக்கும் உரிமைக்காக எளிய குலப் பெண்கள் அடியுண்டனர். தென் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. மேலாடை அணிந்த பெண்களின் சீலை தெருவில் கிழித்தெறியப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1859 சூலை 26 அன்றுதான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்டிரைப் போல் அணியலாகாது என்ற தடை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போராட்டத்தில் முன்னின்றோர் பெரும்பாலும் சீர்திருத்த சபையினர் என்றாலும், அதன் பயன் சபை பாராமல் எல்லாருக்கும் கிட்டியது. நாஞ்சில் நாட்டிலிருந்து முகப்பேருக்கு வந்து வாழும் குடும்பங்களில், இரவிக்கைக்கு எந்த நூல்வேலை என்று மகளும் தாயும் மணிக்கணக்கில் வாதிடுகின்றனர். அந்த வாதம் நடக்க முடிந்ததே, நான்கைந்து தலைமுறைக்கு முந்திய பாட்டி ஒருத்தி கிழிபட்ட சீலையோடு வீடு திரும்பியதால்தான்.

திருமணத் திருப்பலியில் தாலியோடு கூறைப்புடவையையும் மந்திரித்துக் கொடுப்பது நம்மிடையே பல ஊர்களில் உள்ள வழக்கு. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டின் நெசவு அப்புடவைக்குப் பெயர் தந்தது. வெண்பட்டில் பீடத்தின்முன் நின்றவள், சற்று நேரத்தில் கூறை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறாள். ஒரே நாளில் இரு மரபுகளை ஒருத்தியே உடுத்துகிறாள். இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமே என்று செலவை எண்ணிக் கேட்போர் உண்டு. அவ்வாறு விடுவதாயின், மந்திரிக்கப்பட்டதையன்றி மற்றதையே விடவேண்டும் என்பது நம் எண்ணம். வெண்ணிற நீள்கவுனை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் இப்பகுதியில் பரவிவருகிறது. பேத்திக்குக் கொடுத்துச் செல்ல வாடகை உடுப்பில் ஏதும் இருப்பதில்லை.

உறவினர் அனைவருக்கும் ஒரே நிறம் என்ற ஏற்பாட்டைக் குறித்து மட்டும் ஒன்று சொல்லவேண்டும். மணவீட்டார் துணி எடுத்துக் கொடுத்தால் அது மகிழ்ச்சிக்குரிய வரிசை. நிறத்தை மட்டும் சொல்லிவிட்டுப் புடவையை அவரவரே வாங்கிக்கொள்ளச் செய்தால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகும் சித்தப்பாவின் குடும்பத்துக்கு அது ஒரு வரி. அவர்கள் கடன்பட்டு வாங்குவார்கள். அன்றேல், காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார்கள். அப்படி வராமற்போனவர்களைப் படம் காட்டுவதில்லை.

மற்றொன்றையும் நாம் கண்டிருக்கிறோம். எல்லாரும் அரக்கு நிறத்தில் நிற்கும் குடும்பப் படத்தில், கணவரை இழந்த பாட்டியை நிறம் பொருந்தவில்லை என்று ஓரத்தில் நிறுத்த முற்படுவார் படக்காரர். விவரமறிந்த மணப்பெண் பாட்டியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள். அந்தக் கூட்டத்தில் வெள்ளை உடுத்தியவர்கள் அவர்கள் இருவர்தாம்.