வாக்குமூலத்திலிருந்து தடயத்துக்கு: விக்டோரியா காலக் காஞ்சிபுரமும் கொலைப் புலனாய்வும்

விக்டோரியா காலத்துக் கொலைப் புலனாய்வு என்றதும் 1842-இல் லண்டன் மாநகரக் காவல்துறையில் அமைந்த துப்பறியும் பிரிவே பெரிதும் பேசப்படுகிறது. எனினும், அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின் 1849-இல், குற்ற வழக்குகளில் நஞ்சையும் கறையையும் சோதித்துச் சொல்லும் அரசு வேதியியலாரான இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம், இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னையில் தோன்றிவிட்டது. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தையும் அதன் சுற்றூர்களையும் பொறுத்தவரை, ஐயத்துக்குரிய சாவைத் துலக்கும் பணி தனியொரு துப்பறிவாளரின் கூரறிவைச் சார்ந்திருக்கவில்லை. தலையாரி தொடங்கி வேதியியலார் வரை பலர் கைமாறிச் செல்லும் பொருள்களைச் சார்ந்திருந்தது.

இத்தகைய சான்றுக்குத் தேவை எழுந்ததன் காரணம் அன்றைய காவல் முறையின் இழுக்கில் இருந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஊர்த் தலைவர்களையே கிராம மாஜிஸ்திரேட்டுகளாக்கி, தலையாரிகளின் துணையோடு குற்றவாளிகளைப் பிடிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது. காவலும் வரிவசூலும் ஒரே கையில் குவிந்த அம்முறையில், ஒப்புதல் வாக்குமூலமே எளிதில் கிடைக்கும் சான்றாயிற்று. சென்னை மாகாணத்துச் சித்திரவதைப் புகார்களை விசாரித்த ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கை, விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் வழக்கமாகக் கையாளப்பட்டதை வெளிப்படுத்தியது. அதன் விளைவுகளுள் ஒன்றாக, வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட காவல்துறையை 1859-ஆம் ஆண்டின் சட்டம் உருவாக்கியது. காவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாதென 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. வாய்ச்சொல் வலுவிழந்த இடத்தைப் பொருட்சான்று நிரப்ப வேண்டியதாயிற்று.

பொருட்சான்றுகளுள் முதன்மையானது நஞ்சு. வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக் கலந்த உணவை உண்டவருக்கு ஏற்படும் வாந்தியும் பேதியும் காலராவின் குறிகளையே ஒத்திருப்பதால், வைகாசிக் கருடசேவைக்குப் பெருங்கூட்டம் கூடும் காஞ்சிபுரம் போன்ற யாத்திரைத் தலத்தில், காலரா அச்சம் நிலவிய நாட்களில் நேர்ந்த ஒரு சாவு கொலையா நோயா என்பதை வெளித்தோற்றத்தால் உறுதிசெய்வது அரிது. உடல் விரைவில் தகனம் செய்யப்பட்டுவிட்டால் சோதிப்பதற்கு உள்ளுறுப்புகளும் எஞ்சா. உறுப்புகள் கிடைத்தபோது உதவியது ஜேம்ஸ் மார்ஷ் 1836-இல் வெளியிட்ட சோதனை: ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்து, வெளிவரும் வாயுவைக் கொளுத்திச் சுடரைப் பீங்கானில் படியவிட்டால், ஆர்சனிக் இருப்பின் கரிய பளபளப்பான படலம் தோன்றும். ஊமத்தைக்கு இத்தகைய எளிய வேதிச் சோதனை போதாமையால், பிரித்தெடுத்த சாற்றைப் பூனையின் கண்ணில் இட்டுப் பாவை விரிகிறதா என்று பார்த்தனர். வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையிடுவோர் உணவில் கலந்த ஊமத்தை விதை, தமிழர் சமையலில் நாள்தோறும் புழங்கும் மிளகாய் விதையைப் பெரிதும் ஒத்திருப்பதால், இரண்டையும் பிரித்தறிவதும் பரிசோதகரின் பணியாயிற்று.

குருதிக் கறை இதனினும் கடினமான சிக்கலை எழுப்பியது. துணியிலுள்ள சிவப்பு வெற்றிலை எச்சிலால் வந்தது என்றோ, சாயத்தால் வந்தது என்றோ எதிர்த்தரப்பு கூற முடியும். பட்டு நூலுக்குச் சாயமேற்றுவது அன்றாடத் தொழிலாக இருந்த ஊரில் பின்னதற்கு எளிதில் இடமுண்டு. 1853-இல் டைக்மன் கண்டறிந்த முறைப்படி, கறையை உப்போடும் அசெட்டிக் அமிலத்தோடும் சூடாக்கினால் உருவாகும் ஹீமின் என்னும் பழுப்புநிற நுண்படிகங்கள், அது குருதியே என்று காட்டின. அணுக்களின் வடிவம் சிதையாதிருந்தால், நீள்வட்டமான கோழி அணுவையும் வட்டமான பாலூட்டி அணுவையும் நுண்நோக்கி வேறுபடுத்திவிடும். ஆனால் ஆட்டுக் குருதி என்ற வாதத்தை உறுதியாக மறுக்கும் வழி, 1901-இல் ஊலன்ஹூத் மனிதக் குருதியைத் தனித்தறியும் சோதனையை வெளியிடும் வரை வேதியியலார்க்கு இல்லை.

ஆய்வகத்தின் முடிவு, அதற்கு வந்து சேர்ந்த பொருளின் நிலையைக் கடந்து செல்ல இயலாது. சாராயத்தில் இட்ட உள்ளுறுப்புக் குப்பியும் கறைபட்ட துணிப்பொதியும் முத்திரை சிதையாமல் சென்னையை அடைந்தால்தான் அறிக்கைக்கு மதிப்பு. 1865-இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு அமைந்த இருப்புப்பாதை இப்பயணத்துக்கு வாய்ப்பளித்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவு, பரிசோதகரை நேரில் விசாரிக்காமலே அவர் கையொப்பமிட்ட அறிக்கையைச் சான்றாகக் கொள்ள அனுமதித்தது. இதனால் அறிவியலாரின் நேரமும் மாவட்ட நீதிமன்றங்களின் நேரமும் மிஞ்சின. அதே வேளையில், அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் சுருங்கியது.

கைரேகைக் கலையில் வங்காளம் முந்தியது. எட்வர்டு ஹென்றியும் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரும் வகுத்த பகுப்பு முறையைக் கொண்டு 1897-இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் தோன்றியது. 1898-இல் ஜல்பைகுரி தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில், பஞ்சாங்கத்தில் பதிந்த குருதி தோய்ந்த விரற்பதிவு எதிரியுடையதென்று நிறுவப்பட்டபோதும், நீதிமன்றம் திருட்டுக்கே தண்டனை விதித்துக் கொலைக்கு விடுதலை அளித்தது. மறுஆண்டில் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, கைரேகை பற்றிய வல்லுநர் கருத்து ஏற்கத்தக்கதாயிற்று. சென்னையின் பங்கு நூல்வழி அமைந்தது: ஆஸ்திரிய நீதியாளர் ஹான்ஸ் கிராஸ் 1893-இல் வெளியிட்ட குற்றப் புலனாய்வுக் கையேடு, ஆடம் என்னும் பெயர்கொண்ட சென்னை வழக்கறிஞர் இருவரால் இந்திய நடைமுறைக்கு ஏற்ப ஆங்கிலமாக்கப்பட்டு, 1906-இல் சென்னையிலேயே அச்சேறியது.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. காவலில் உள்ளவர் சொன்னதன் பயனாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அச்சொல்லில் அக்கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகலாம் என்பது அவ்விதி. வாக்குமூலத்துக்கு மாற்றாக வந்த குருதிக் கறைத் துணியும் கத்தியும் அதே வாக்குமூலத்தின் வழியே மீட்கப்படலாம் என்பதால், சோதனைக்கு வந்த கறை எதனுடையது என்பதற்கு மட்டுமே ஆய்வகம் விடை சொல்ல முடிந்தது. அப்பொருள் எவ்வாறு வெளிவந்தது என்ற கேள்வி நீதிபதியிடமே எஞ்சியது. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விதியைத் தன் 23-ஆம் பிரிவில் தக்கவைத்துள்ளமையால், அக்கேள்வி இன்றைய விசாரணை நீதிமன்றங்களுக்கும் உரியதாகவே உள்ளது.