கேட்னிப்

பூனைகளைக் கிறங்கவைக்கும் மணம் கொண்ட இச்செடி புதினா, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் ஐரோப்பாவும் மேற்கு, நடு ஆசியாவும். சதுரத் தண்டு, ஓரம் பல்பல்லாக வெட்டிய சாம்பல்பச்சை இலை, ஊதாப் புள்ளியிட்ட வெள்ளைப் பூ. ஏறக்குறைய மூன்றடி வளரும். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய நெபெட்டா கட்டாரியா என்பதே இதன் அறிவியல் பெயர்.

ஐரோப்பியர்களுக்கு இது முதலில் கைமருந்து. சளிக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். குடியேறியவர்களோடு வட அமெரிக்கா போய், அங்கே சாலையோரக் களையாகிவிட்டது.

விதைத்த இடத்திலேயே முளைத்த செடியைப் பூனை சீண்டாது, பிடுங்கி நட்டதை விடாது என்பது இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் பழைய அனுபவம். 18-ஆம் நூற்றாண்டுத் தோட்டக்கலை வல்லுநர் பிலிப் மில்லரும் இதைச் சோதித்து எழுதினார். காரணம் இலையில் இருக்கிறது. மணத்தைத் தரும் எண்ணெய் இலைமேலுள்ள நுண்சுரப்பிகளில் அடைந்து கிடக்கிறது, கசங்கினால்தான் வெளிவரும். பிடுங்கி நடும்போது இலை கசங்கிவிடுகிறது. அந்த எண்ணெயின் முக்கியச் சேர்மமான நெபெட்டலாக்டோனை 1941-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மெக்எல்வைன் பிரித்தெடுத்தார்.

முகர்ந்து, நக்கி, கன்னத்தைத் தேய்த்துப் புரளும் பூனைக்குப் பத்து நிமிடம்போல ஆனதும் அலுத்துவிடும். மூன்றில் ஒரு பூனை திரும்பியே பார்க்காது. குட்டிகளும் அப்படித்தான். இந்த நாட்டம் பரம்பரையாக வருவது என்று 1962-இல் ஆய்வாளர் நீல் டாட் காட்டினார். சிங்கமும் சிறுத்தையும்கூட மயங்குவதுண்டு.

மனிதரும் இதனால் கஞ்சாபோல மயங்குவதாக 1969-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் கேட்னிப் படமும் கஞ்சாப் படமும் இடம் மாறி அச்சாகியிருந்தன. கட்டுரையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே போதும்.

பூனைக்கு இதில் என்ன லாபம்? 2021-இல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகக் குழு விடை சொன்னது. தேய்த்துக்கொண்ட பூனையை மொய்க்கும் கொசுக்கள் குறைகின்றன. கூடவே உடலில் இன்ப உணர்வு தரும் எண்டார்ஃபின் சுரக்கிறது. பூனை கடித்துக் குதறும்போது இலையிலிருந்து மணம் பலமடங்கு கிளம்புவதை மறு ஆண்டு அதே குழு அளந்தது.

தமிழ்நாட்டில் பூனையைச் சொக்கவைப்பது குப்பைமேனி வேர். அது ஆமணக்குக் குடும்பம். ஆனாலும் நெபெட்டலாக்டோனுக்கு நெருங்கிய சேர்மம் ஒன்று அதிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர்.