சோழகங்கமும் ஏரியின் ஹரீமும்

வென்ற நாட்டில் வெற்றித்தூண் நடுவது அரசர் மரபு. கங்கைவரை படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனோ, பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், தன் புதிய தலைநகராம் கங்கைகொண்ட சோழபுரத்தையடுத்து ஓர் ஏரியை அமைத்தான். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதனை நீராலாகிய வெற்றித்தூணாகவே வருணிக்கின்றன. சோழகங்கம் எனப் பெயர்பெற்ற அவ்வேரி, இன்று பொன்னேரி என்னும் பெயரில் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது.

1855-இல் வெளிவந்த ஆங்கில நிலவிவர நூலொன்று இவ்வேரியின் அமைப்பை விவரிக்கிறது. வடக்குத் தெற்காகச் செல்லும் கரையின் நீளம் 16 மைல். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைல் நீளமுள்ள கால்வாயும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறியதொரு கால்வாயும் இதற்கு நீர் கொணர்ந்தன. ஆனால் அந்நூல் எழுதப்பட்ட காலத்திலேயே ஏரியின் உட்பகுதி அடர்ந்த காடாகிவிட்டிருந்தது. படையெடுத்து வந்தோர் கரையை உடைத்தனர் என்பது அங்கு வழங்கிய செவிவழிச் செய்தி.

உடைந்த கரையை அடைத்துவிடலாம். இத்துணைப் பெரிய ஏரியை மழைநீர் ஒன்றே நிரப்பிவிடாது. வரத்துக்கால் தூர்ந்தபின் கரை இருந்தும் பயனில்லை. இதற்கு அருகிலேயே சான்றுண்டு. 1836-இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினர். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் அதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவ்வணையிலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணமும் சோழர் காலத்து ஏரியே. அது 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருகிறது; சோழகங்கமோ வறண்டது. இரண்டும் நீர் பெற்றது ஒரே ஆற்றிலிருந்து. ஒன்றன் வரத்து நிலைத்தது. மற்றொன்றன் வரத்து அற்றுப்போயிற்று.

நம் அரபுக் கல்லூரிகளில் 'ஹிதாயா' பாடம் நடத்தும்போது, 'ஹரீம்' பற்றிய பகுதியைப் பழங்கால அரபு நாட்டு நிலவழக்கென்று விரைந்து கடந்துவிடுகிறோம். தரிசு நிலத்தில் கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றி 40 முழமும், ஊற்றுக்கு 500 முழமும் பாதுகாப்பு எல்லையாக அங்கே வகுக்கப்பட்டுள்ளன. அவ்வெல்லைக்குள் பிறர் தோண்டலாகாது. கிணறு என்பது அதன் வாயளவு மட்டுமன்று. நீர் ஊறிவரும் நிலமும் அதைச் சேர்ந்ததே என்னும் தெளிவு இச்சட்டத்தில் உள்ளது. பிறர் நிலத்தினூடே செல்லும் கால்வாய்க்கு ஹரீம் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. சான்றின்றி இல்லை என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கால்வாய்க்கரை கால்வாய்க்குரியதே என்றனர் அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்). கரையில்லாமல் நீர் ஓடாது, தூர்வாரிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய நியாயம். சோழகங்கத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நியாயத்தின் ஆழம் விளங்கும்.

இதே மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, மேட்டூர் நீரைப் புள்ளம்பாடிக் கால்வாய் வழியே பெறுகிறது. 1999-இல் பறவைகள் சரணாலயமான அது 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தொலைதூரத்துப் பறவைகள் ஆண்டுதோறும் அங்கு வருவதற்கும் அக்கால்வாயே துணை.

2025 ஜூலையில் சோழகங்கத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. மகிழ்வோடு வரவேற்கத்தக்கதே. ஆனால் கரையும் மதகும் சீரானால் மட்டும் போதாது. அவ்வேரிக்கு நீர் எவ்வழியே வரும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நிலத்தின் சரிவையே மாற்றிவரும் மாவட்டத்தில் இக்கேள்வி இன்னும் இன்றியமையாதது. தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நீரில் பங்குடையோர்க்கு அது வரும் வழியைக் காப்பதிலும் பங்குண்டு. லெப்பைக்குடிக்காடு முதலிய வெள்ளாற்றங்கரை ஊர்களின் ஜமாஅத்தார், தத்தம் ஊர் ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டுள்ளது என்று நடந்து சென்று பார்த்துவருவதை முதற்பணியாகக் கொள்ளலாம்.